பொது ஜெபப் புத்தகம் ஆங்கிலத்துக்கு வந்த கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்து திருச்சபை வழி வந்த ஆராதனை முறைமையைப் பற்றி வேதபாட வகுப்பிலும், பாடகர் குழு ஒத்திகையிலும், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் பேச்சு வழக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்தப் புத்தகம் ஒரே நாளில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவவில்லை. பழைய துணியை வெட்டி, அளவு மாற்றி, புதுத் துண்டும் சேர்த்துத் தைத்த வேலை இது. தையல் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

பொது ஜெபப் புத்தகம்னா என்ன? பைபிள் மாதிரி படிக்கிற புத்தகமா?

இல்லை, அது ஆராதனையை நடத்துவதற்கான புத்தகம். காலை, மாலை ஆராதனை, லித்தானியா (குரு சொல்லச் சொல்ல சபை பதில் சொல்லும் விண்ணப்ப வரிசை), திருவிருந்து, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் யார் என்ன சொல்ல வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது முழங்காற்படியிட வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். அதற்கு முன்பு ஒரு குருவானவருக்குப் பல புத்தகங்கள் தேவைப்பட்டன. பூசைக்கு ஒன்று, நாள் ஜெபங்களுக்கு ஒன்று, ஞானஸ்நானம், திருமணம், அடக்கத்துக்கு ஒன்று, பவனிக்கு ஒன்று. 1549-ல் அத்தனையும் ஒரே கட்டுக்குள் வந்தன. பெயரில் உள்ள ‘பொது’ என்பதற்குச் சாதாரணம் என்று பொருளல்ல. குருவும் சபையும் சேர்ந்து, நாடு முழுக்க ஒன்றாகச் சொல்வது என்று பொருள்.

முதல் பதிப்பு 1549. அதன்பின் 1552, 1559, 1604, 1662 என்று திருத்தங்கள் வந்தன. 1662-ம் ஆண்டுப் புத்தகம் இங்கிலாந்து திருச்சபையில் இன்றும் சட்டப்படி செல்லுபடியாகும்.

அதுக்கு முன்னாடி எல்லாமே லத்தீன்தானா? ஜனங்களுக்கு ஒண்ணுமே புரியாதா?

பூசையும் நாள் ஜெபங்களும் லத்தீன்தான். அந்த லத்தீனும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தெற்கே பெரும்பாலும் சாலிஸ்பரி பேராலயத்தின் வழக்கமான ‘சேரம்’ முறை இருந்தது. யார்க், ஹெரிஃபோர்டு, பேங்கர், லிங்கன் ஆகிய ஊர்களுக்கும் தனித்தனி வழக்கம் உண்டு. 1549 புத்தகத்தின் முன்னுரை இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இனி நாட்டுக்கு ஒரே முறைதான் என்கிறது.

ஆனால் கோயிலுக்குள் ஆங்கிலமே நுழையவில்லை என்பது தவறு. பிரசங்கம் ஆங்கிலத்தில் நடந்தது. இன்னின்னாருக்காக ஜெபியுங்கள் என்று சபையை அழைப்பது ஆங்கிலத்தில். மணமக்களின் உறுதிமொழியும் ஆங்கிலத்தில். படிக்கத் தெரிந்தவர்கள் கையில் ‘பிரைமர்’ என்ற ஜெப நூல் இருந்தது. அதிலும் ஆங்கிலப் பதிப்புகள் வந்துவிட்டன. ஆகவே 1549-ல் மக்கள் காதில் விழுந்த ஆங்கில ஜெபம் முற்றிலும் புதிய ஓசை அல்ல.

எட்டாம் ஹென்றி விவாகரத்துக்காகத்தானே இங்கிலீஷ் ஆராதனை வந்துச்சு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். 1534-ல் இங்கிலாந்து ராஜா ஹென்றி தன்னைத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டது உண்மை. ஆனால் 1547 ஜனவரி 28 அன்று இறக்கும்வரை அவர் கேட்டது லத்தீன் பூசையைத்தான். 1539-ல் ஆறு பிரிவுகள் கொண்ட ஒரு சட்டம் போட்டு, பூசையைப் பற்றிய பழைய போதனையையும் குருக்கள் மணம் செய்யக் கூடாது என்பதையும் அவரே கட்டிக் காத்தார்.

அவர் காலத்தில் நுழைந்தது ஆங்கில வேதாகமம். ஒவ்வொரு கோயிலிலும் ஒன்று வைக்க வேண்டும் என்று 1538-ல் உத்தரவு வந்தது. 1539-ல் ‘பெரிய பைபிள்’ அச்சாகியது. 1543-ல், ஞாயிறு தோறும் காலையிலும் மாலையிலும் ஒரு அதிகாரத்தை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்றானது. விவாகரத்து விவகாரத்தில் ரோமாபுரியோடு, அதாவது போப்போடு, உறவு அறுந்ததால், மாற்றத்துக்கு அங்கே அனுமதி கேட்க வேண்டிய நிலை இல்லாமல் போனது. விவாகரத்துக்கும் ஆங்கில ஆராதனைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். கதவு அகலமாகத் திறந்தது அவர் மகன் ஆறாம் எட்வர்ட் 9 வயதில் பட்டத்துக்கு வந்த பிறகு.

அப்போ முதல் இங்கிலீஷ் ஆராதனை எது? 1549தானே?

இல்லை. 1544 மே மாதம் வெளிவந்த லித்தானியா. பிரான்ஸோடு போர் மூளும் நேரம். நாடெங்கும் பவனி போய் ஜெபிக்க வேண்டும், மக்களுக்குப் புரிந்து ஜெபிக்க வேண்டும் என்று ராஜா விரும்பினார். கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் அதைத் தயாரித்தார். அடிப்படை சேரம் முறை. அதோடு ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தரின் லித்தானியாவும் சேர்ந்தது. முடிவில் வரும் கிறிசோஸ்தோமின் ஜெபம் கிரேக்க வழிபாட்டிலிருந்து எடுத்தது.

செய்த மாற்றத்தைக் கவனியுங்கள். பழைய லித்தானியாவில் பரிசுத்தவான்களின் பெயர்கள் நீளமாக வரும், ஒவ்வொன்றுக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று சபை சொல்லும். கிரான்மர் அதை மூன்றே வரிகளாகக் குறைத்தார். 1549-ல் அந்த மூன்றும் போயின. முன்பு ஒரு சிறு வரிக்கு ஒரு பதில் என்றிருந்தது. அவர் மூன்று நான்கு விண்ணப்பங்களை ஒரே மூச்சாகக் கட்டி, ‘குட் லார்ட், டெலிவர் அஸ்’ என்று ஒரே பதிலை வைத்தார். மனதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்ல அதனால்தான் நேரம் கிடைக்கிறது.

முதலில் இதை நடந்துகொண்டே பாடினார்கள். பவனியில் யார் முன்னால் போவது என்று சண்டை வந்ததால், 1547-ல் கோயிலுக்குள் முழங்காற்படியிட்டுச் சொல்லும்படி உத்தரவானது. இன்றும் லித்தானியாவை முழங்காலில் சொல்வதன் வேர் அதுதான்.

1548-ல பாதி லத்தீன், பாதி இங்கிலீஷ்னு சொல்றாங்களே, அது எப்படி?

அப்படித்தான் நடந்தது. சபையாருக்கு அப்பத்தோடு திராட்சரசப் பாத்திரமும் கொடுக்க வேண்டும் என்று 1547 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதுவரை பாத்திரம் குருவுக்கு மட்டும். கொடுப்பதற்கு ஒரு முறை வேண்டுமே? 1548 மார்ச்சில் ஒரு சிறு புத்தகம் வந்தது, ஈஸ்டரிலிருந்து நடைமுறை. பூசை லத்தீனில் ஓடும். குரு தான் உட்கொண்டதும் லத்தீன் நிற்கும். புத்திமதி, பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, ஆறுதலான வசனங்கள், ‘உமது பந்திக்கு வரத் துணியவில்லை’ என்ற தாழ்மையின் ஜெபம், பின்பு அப்பமும் பாத்திரமும் என்று ஆங்கிலம் தொடரும். இந்தத் துண்டில் பல வரிகளுக்கு மூலம் ஜெர்மனியில் கொலோன் பேராயர் ஹெர்மன், சீர்திருத்தவாதிகளான பூட்சர், மெலாங்தன் ஆகியோரின் உதவியோடு வெளியிட்ட சீர்திருத்த முறை. இந்தத் துண்டு அப்படியே 1549 புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்தது.

1549 புத்தகம் முழுக்க கிரான்மர் ஒருத்தரே எழுதினதா?

எழுதினார் என்பதைவிடத் தொகுத்தார், மொழிபெயர்த்தார், செதுக்கினார் என்பதே சரி. 1548 செப்டம்பரில் செர்ட்சியிலும் வின்சரிலும் பிஷப்புகளும் அறிஞர்களும் கூடி வரைவைப் பார்த்தார்கள். ஆனால் நடை ஒருவருடையது, அந்த ஒருவர் கிரான்மர்தான்.

அவர் மேசையில் இருந்தவற்றில் முக்கியமானவை: சேரம் லத்தீன் நூல்கள், ஸ்பானிய கர்தினால் கிஞோனெஸ் 1535-ல் எளிமையாக்கி வெளியிட்ட நாள் ஜெப நூல், லூத்தரன் சபைகளின் ஆராதனை ஒழுங்குகள், கிரேக்க வழிபாடு. 1532-ல் தூதராக ஜெர்மனி போனபோது நூரெம்பர்க்கில் லூத்தரன் ஆராதனையை நேரில் பார்த்தவர் அவர். புத்தகத்தின் முன்னுரையின் பெரும்பகுதியே கிஞோனெஸ் எழுதியதன் தழுவல்.

ஏழெட்டு வேளை ஜெபம் எப்படி ரெண்டு வேளையாச்சு?

மடங்களில் நள்ளிரவு தொடங்கி இரவு படுக்கும்வரை எட்டு வேளை: மேட்டின்ஸ், லாட்ஸ், பிரைம், டெர்ஸ், செக்ஸ்ட், நோன், வெஸ்பர்ஸ், கம்ப்ளின். வயலுக்கும் கடைக்கும் போகிறவர்களால் அது முடியாது. கிரான்மர் முதல் மூன்றிலிருந்து காலை ஆராதனையைக் கட்டினார், கடைசி இரண்டிலிருந்து மாலை ஆராதனையைக் கட்டினார். நடுவில் இருந்த சிறு வேளைகளை விட்டுவிட்டார். தையல் இன்றும் தெரியும். மாலையில் இரண்டு பாட்டுகள் இருப்பது ஏன்? மரியாளின் பாட்டு வெஸ்பர்ஸிலிருந்து வந்தது, சிமியோனின் பாட்டு கம்ப்ளினிலிருந்து வந்தது. ‘எங்கள் இருளைப் பிரகாசிப்பியும்’ என்ற மாலை ஜெபமும் கம்ப்ளினுடையதே, அது படுக்கப் போகும் நேரத்து ஜெபம்.

வேத வாசிப்பின் கணக்கு இன்னும் அழகு. 150 சங்கீதங்களும் மாதம் ஒருமுறை, பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை, வெளிப்படுத்தல் நீங்கலாகப் புதிய ஏற்பாடு ஆண்டுக்கு மூன்று முறை. சங்கீதங்களை 30 நாளுக்கு, காலை மாலை என்று 60 பங்காகப் பிரித்தார்கள். 119-ம் சங்கீதத்தில் ஒரு வேளைக்கு நாலைந்து பகுதிக்கு மேல் கூடாது. பிப்ரவரிக்கு 28 நாள்தானே? 1549-ல் அது முன்பக்கம் ஜனவரியிலிருந்து ஒரு நாளும் பின்பக்கம் மார்ச்சிலிருந்து ஒரு நாளும் கடன் வாங்கியது. வாசிக்கும் நேரத்தைவிட எதை வாசிப்பது என்று தேடும் நேரம் அதிகமாக இருக்கிறது என்று முன்னுரை பழைய முறையைக் குறை சொல்கிறது. அந்தத் தொல்லைக்கு இந்தக் கணக்குதான் பதில்.

சுருக்க ஜெபங்கள் எல்லாம் மொழிபெயர்ப்பா, புதுசா?

பெரும்பாலானவை சேரம் லத்தீனின் மொழிபெயர்ப்பு, ஒரு பகுதி புதிது. வேதத்தைக் கேட்டு, வாசித்து, கருத்தில் கொண்டு, கற்று, உள்ளத்தில் செரிக்கும்படி வேண்டும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் இரண்டாம் ஞாயிற்று ஜெபம் புதிதாக எழுதப்பட்டது.

மொழிபெயர்ப்பு எப்படி நடந்தது என்று பார்க்கத் திருவிருந்தின் தொடக்கத்தில் வரும் தூய்மைக்கான ஜெபம் நல்ல உதாரணம். லத்தீனில் ‘தேயுஸ் குயி ஓம்னே கோர் பாதெத்’ என்று தொடங்கும். குருவானவர் அங்கி தரிக்கும்போது தனக்காக மெதுவாகச் சொல்லிக்கொண்ட ஜெபம் அது. கிரான்மர் அதைச் சபை கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். அமைப்பு பழையதுதான். முதலில் யாரிடம் ஜெபிக்கிறோம்: எல்லாம் வல்ல தேவன். அவர் எப்படிப்பட்டவர்: எல்லா இருதயமும் அவருக்குத் திறந்தது, எந்த ரகசியமும் மறைவில்லை. என்ன கேட்கிறோம்: எங்கள் எண்ணங்களைச் சுத்தமாக்கும். எதற்காக: உம்மை முழுமையாக நேசிக்க. யார் மூலம்: கிறிஸ்துவின் மூலம். மூலத்தின் கடைசியில் ‘மெரேயாமூர்’ என்று ஒரு வினை உண்டு. ‘தகுதி பெறும்படி’ என்று பொருள். ஆங்கிலத்தில் அது இல்லை. ‘தட் வீ மே’ என்று மட்டும் இருக்கிறது. மனிதன் தன் தகுதியால் எதையும் சம்பாதிப்பதில்லை என்ற சீர்திருத்தப் போதனை ஒரு வினைச்சொல்லை எடுத்ததில் அடங்கிவிட்டது. இந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே அவர் எவ்வளவு நுணுக்கமான ஆள் என்று தெரியும்.

ஒரே அர்த்தத்துல ரெண்டு ரெண்டு வார்த்தை ஏன்? ஒண்ணு போதாதா?

‘அக்னாலெட்ஜ் அண்ட் கன்ஃபெஸ்’, ‘சின்ஸ் அண்ட் விக்கெட்னெஸ்’, ‘எர்ட் அண்ட் ஸ்ட்ரேய்ட்’, ‘அசெம்பிள் அண்ட் மீட் டுகெதர்’. ஒன்று லத்தீன் அல்லது பிரெஞ்சு வழி வந்த சொல், மற்றது மண்ணின் சொல் என்று பல ஜோடிகள் இருப்பதால், படித்தவருக்கு ஒன்று, பாமரருக்கு ஒன்று என்று விளக்குவார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை அல்ல. ‘சின்ஸ் அண்ட் விக்கெட்னெஸ்’ இரண்டுமே மண்ணின் சொற்கள்தான்.

பெரிய காரணம் காது. கூரை உயர்ந்த கல் கோயில். பெரும்பாலோர் கையில் புத்தகம் இல்லை. ஒரு சொல் எதிரொலியில் கரைந்தால் அடுத்தது பிடித்துக்கொடுக்கும். லத்தீன் ஜெபம் கச்சிதமானது. அதே கச்சிதத்தோடு ஆங்கிலத்தில் சொன்னால் தந்தி வாசிப்பது போல ஆகிவிடும். இரட்டைச் சொல் வாக்கியத்துக்கு நடை கொடுத்தது, கூட்டமாகச் சேர்ந்து சொல்ல மூச்சும் கொடுத்தது. நம் ‘ஆடல் பாடல்’, ‘நோய் நொடி’யை நினைத்துப் பாருங்கள்.

கடவுளைப் போய் ‘தௌ’னு சொல்றது மரியாதைக் குறைவு இல்லையா? இல்ல அதுதான் அதிக மரியாதையா?

இரண்டும் இல்லை. 16-ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘தௌ’ ஒருமை, ‘யே, யூ’ பன்மை. பெரியவர்களைப் பன்மையில் விளிக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் கடவுள் ஒருவர் என்பதால் லத்தீன் ‘து’வுக்கு நேராக ஒருமையே வேதாகமத்திலும் ஜெபத்திலும் நின்றது. பிற்காலத்தில் பேச்சில் ‘தௌ’ வழக்கொழிந்து கோயிலில் மட்டும் மிஞ்சியதால் அது தெய்வீகச் சொல் போலத் தோன்றுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே வேறு வழியில் போனார்கள். ‘நீ’யும் இல்லை, ‘நீங்கள்’ளும் இல்லை, ‘நீர்’.

இந்த ஒருமை முக்கியமாகும் இடம் திருவிருந்து. புத்திமதியில் சபையைப் பார்த்து ‘யூ’. அப்பத்தைக் கையில் கொடுக்கும்போது ‘கிவன் ஃபார் தீ’, அதாவது ‘உனக்காக’. முழங்காற்படியிட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வது.

பைபிள்ல ‘கடன்களை மன்னியும்’னு இருக்கு. ஜெபத்துல ஏன் ‘குற்றங்களை’ன்னு சொல்றோம்?

ஆங்கிலத்திலும் இதே வித்தியாசம் உண்டு. 1611 வேதாகமத்தில் மத்தேயு 6:12 ‘டெட்ஸ்’, அதாவது கடன்கள். ஜெபப் புத்தகத்தில் ‘ட்ரெஸ்பாஸஸ்’, அதாவது குற்றங்கள். ஜெபப் புத்தகம் 1611-க்கு மூத்தது என்பதுதான் காரணம். டிண்டேல் தன் 1526 மொழிபெயர்ப்பில் ‘ட்ரெஸ்பாஸஸ்’ என்று எழுதினார். 1545-ல் ராஜாவின் பெயரால் வந்த பிரைமரிலும் அதுவே இருந்தது. அங்கிருந்து 1549-க்கு வந்தது. வேதாகமம் மாறியபோது மக்கள் வாயில் ஏறிவிட்ட ஜெபம் மாறவில்லை. தமிழ்ச் சபைகளின் ‘எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்’ அந்த வழியில் வந்தது. ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்ற முடிவு 1549-ல் இல்லை. 1662-ல்தான் சில இடங்களில் சேர்ந்தது.

ஜனங்க சந்தோஷமா ஏத்துக்கிட்டாங்களா?

எல்லா இடத்திலும் இல்லை. 1549 ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு, புத்தகம் கட்டாயமானது. மறுநாளே டெவன் மாவட்டத்தின் சாம்ஃபர்டு கோர்ட்னி கிராமத்தில் மக்கள் தங்கள் குருவைப் பழைய அங்கியை உடுத்தவைத்து லத்தீன் பூசை நடத்தச் செய்தார்கள். டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தெழுந்தன. எக்ஸிடர் நகரத்தை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள். புது ஆராதனை கிறிஸ்துமஸ் விளையாட்டுப் போல இருக்கிறது, எங்களுக்குப் பழைய லத்தீனே வேண்டும் என்று கோரிக்கை எழுதினார்கள். ஆகஸ்டில் கூலிப்படைகளோடு வந்த அரசப் படை அடக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். எக்ஸிடரின் செயின்ட் தாமஸ் ஆலய குருவானவரை அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கிலிட்டார்கள்.

வரி, மடச் சொத்துப் பறிப்பு என்று வேறு கோபங்களும் சேர்ந்திருந்தன. இருந்தாலும் ‘புரியும் மொழியில் கொடுத்தால் மக்கள் மகிழ்வார்கள்’ என்ற எளிய கணக்கு இங்கே பொய்த்தது. தாத்தா பாட்டி காலத்திலிருந்து கண்ணால் பார்த்து, மணியோசை கேட்டு, முழங்காற்படியிட்ட வழிபாட்டை ஒரே ஞாயிற்றில் எடுத்ததை அவர்கள் இழப்பாகவே உணர்ந்தார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது.

இங்கிலீஷ் தெரியாதவங்க என்ன பண்ணாங்க?

கார்ன்வால் கிளர்ச்சிக்காரர்கள் கேட்டதும் அதுதான்: எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாதே? உங்களில் அதிகம் பேருக்குத் தெரிந்தது லத்தீனா, ஆங்கிலமா என்று கிரான்மர் திருப்பிக் கேட்டார். வாதத்துக்கு அது சரி. ஆனால் கார்னிஷ் மொழியில் புத்தகம் வரவே இல்லை.

வேல்ஸுக்கு நல்ல காலம். 1563-ல் சட்டம் இயற்றி, 1567-ல் வெல்ஷ் ஜெபப் புத்தகம் அச்சானது. அந்த மொழி பிழைத்து நிற்க அதுவும் ஒரு காரணம். அயர்லாந்தில் அச்சான முதல் புத்தகமே 1551-ல் டப்ளினில் வெளிவந்த ஆங்கில ஜெபப் புத்தகம்தான். மக்கள் பேசியதோ ஐரிஷ். ஐரிஷ் மொழியில் அது வர 1608 ஆகிவிட்டது. புரியும் மொழி என்ற கொள்கையை வைத்தவர்களே அங்கே அதை மீறினார்கள்.

1549-க்கும் 1552-க்கும் அப்படி என்ன வித்தியாசம்? மூணே வருஷம்தானே?

பெரிய வித்தியாசம். 1549 புத்தகத்தில் திருவிருந்தின் தலைப்பே ‘வழக்கில் பூசை எனப்படுவது’ என்று முடியும். பீடம், அங்கி, மரித்தோருக்கான ஜெபம் எல்லாம் உண்டு. இதைப் பழைய அர்த்தத்திலும் வாசிக்கலாமே என்று சிறையிலிருந்த பிஷப் ஸ்டீஃபன் கார்டினர் சுட்டிக்காட்டினார். கேம்பிரிட்ஜில் இருந்த பூட்சர் நீண்ட விமர்சனம் எழுதினார். கார்டினர் காட்டிய ஓட்டைகளை கிரான்மர் ஒவ்வொன்றாக அடைத்தார். 1552 நவம்பர் 1-லிருந்து புதிய புத்தகம்.

அதில் ‘பூசை’ என்ற சொல் போனது. பீடத்துக்குப் பதில் மேசை, குரு அதன் வடபக்கத்தில் நிற்க வேண்டும். பூசை அங்கிகள் போய் வெள்ளை அங்கி மட்டும். புளிப்பில்லாத வட்ட அப்பத்துக்குப் பதில் சாதாரண, நல்ல கோதுமை ரொட்டி. ‘கர்த்தாவே இரங்கும்’ இருந்த இடத்தில் பத்துக் கட்டளைகள். ‘உன்னதத்தில் மகிமை’ தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போனது. காலை ஆராதனையின் முன்னால் வசனங்கள், புத்திமதி, பாவ அறிக்கை, பாவமன்னிப்பு சேர்ந்தன.

ஒரு திட்டம் மட்டும் பலிக்கவில்லை. ஞாயிறு தோறும் சபை முழுவதும் திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்பது கிரான்மரின் ஆசை. கூட மூன்று நான்கு பேராவது உட்கொள்ளாவிட்டால் திருவிருந்து நடத்தக் கூடாது என்று விதியும் வைத்தார். ஆனால் மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு மட்டும் உட்கொண்டு பழகியவர்கள். அவர்கள் முன்வரவில்லை, ஆகவே விதிப்படி நடத்தவும் முடியவில்லை. காலை ஆராதனை, லித்தானியா, திருவிருந்தின் முன்பாதி, இதுவே பல நூற்றாண்டு ஞாயிறு வழக்கமாகிவிட்டது.

கறுப்புக் குறிப்புன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது என்ன?

முழங்காற்படியிட்டு அப்பம் வாங்கினால் அப்பத்தை வணங்குவதாகாதா என்று சீர்திருத்தப் பிரசங்கியார் ஜான் நாக்ஸ் 1552-ல் எதிர்த்தார். புத்தகம் அச்சில் இருந்தது. முழங்காற்படியிடுவது நன்றிக்கும் தாழ்மைக்கும் அடையாளம், வணக்கம் அல்ல என்ற விளக்கத்தைச் சேர்க்க அரச ஆலோசனைக் குழு கடைசி நேரத்தில் உத்தரவிட்டது. அதனால்தான் 1552 பிரதிகள் சிலவற்றில் அது தனித் தாளாக ஒட்டப்பட்டிருக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. 1559-ல் எடுத்தார்கள். 1662-ல் சொற்களை மாற்றித் திரும்பச் சேர்த்தார்கள். ‘கறுப்பு’ என்ற பெயர் மிகப் பின்னால் வந்தது. மற்றக் குறிப்புகளைச் சிவப்பில் அச்சிட்டபோது இது மட்டும் கறுப்பில் நின்றது.

மேரி ராணி வந்ததும் எல்லாம் போயிடுச்சா? எலிசபெத் அப்படியே திரும்பக் கொண்டுவந்தாங்களா?

எட்வர்டுக்குப் பின் மேரி பட்டத்துக்கு வந்தார்; 1553 டிசம்பர் முதல் லத்தீன் பூசை சட்டப்படி திரும்பியது. கிரான்மரை 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்ஃபர்டில் எரித்தார்கள். 1559 ஜூன் 24 முதல், அடுத்து ராணியான எலிசபெத்தின் புத்தகம் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை 1552தான், சில இடங்களில் கவனமான மாற்றங்கள் உண்டு. ‘ரோமாபுரி பிஷப்பின் அருவருப்புகளிலிருந்து’ என்ற லித்தானியா வரி போனது. கோயிலுக்கு வராதவர்களுக்கு 12 பென்ஸ் அபராதம் வந்தது.

மிக முக்கியமான மாற்றம் அப்பம் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தை. 1549-ல் ‘உனக்காகக் கொடுக்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம் உன்னைக் காக்கக்கடவது’ என்ற கருத்து. 1552-ல் அதை எடுத்துவிட்டு ‘கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைவுகூர்ந்து இதை வாங்கிப் புசி’. 1559-ல் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். இரு தரப்பும் ஒரே பந்தியில் முழங்காற்படியிட அது இடம் கொடுத்தது. நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் இதை நினைக்க வேண்டும்.

பாட்டெல்லாம் என்னாச்சு? லத்தீன் ராகத்துல இங்கிலீஷ் உட்காருமா?

லேசில் உட்காராது. லத்தீனில் ஒரே அசைக்குப் பல சுரங்கள் ஓடும். முடிந்தவரை ஓர் அசைக்கு ஒரு சுரம் இருக்க வேண்டும் என்று 1544-லேயே கிரான்மர் ராஜாவுக்கு எழுதினார். வின்சரில் ஆர்கன் வாசித்த ஜான் மார்பெக் அந்த விதிப்படி 1549 புத்தகத்துக்கு 1550-ல் இசை அமைத்தார். இரண்டே ஆண்டில் 1552 வந்து வரிகளை இடம் மாற்றியதால் அது பயனற்றுப் போனது. 19-ம் நூற்றாண்டில்தான் மறுபடி எடுத்துப் பாடினார்கள்.

கல்யாண உறுதிமொழி கிரான்மர் எழுதினதுதானே?

பெரும்பகுதி அவருக்கும் முந்தியது. நாம் இரண்டாவது கேள்வியில் சொன்னபடி அது ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்தது. நன்மையிலும் தீமையிலும், செல்வத்திலும் வறுமையிலும், நோயிலும் சுகத்திலும் என்ற வரிசை சேரம் முறையிலேயே உண்டு. மணமகள் சொன்ன ‘போனேர் அண்ட் பக்ஸம்’ (இணக்கமும் பணிவும்) என்ற பழஞ்சொற்கள் போய் 1549-ல் ‘ஒபே’ (கீழ்ப்படி) வந்தது. மோதிரத்தோடு பொன்னும் வெள்ளியும் கொடுப்பது 1549-ல் இருந்தது, 1552-ல் மோதிரம் மட்டும். ‘டில் டெத் அஸ் டிபார்ட்’ என்பதில் ‘டிபார்ட்’டுக்கு அன்று ‘பிரிப்பது’ என்று பொருள். அது ‘புறப்படுவது’ என்று மாறியதால் 1662-ல் ‘டூ பார்ட்’ ஆனது.

சங்கீதம் மட்டும் ஏன் பைபிளோட ஒத்துப்போக மாட்டேங்குது?

1662-ல் நிருபங்களையும் சுவிசேஷங்களையும் 1611 மொழிபெயர்ப்புக்கு மாற்றினார்கள். சங்கீதத்தைத் தொடவில்லை. அது 1539 பெரிய பைபிளில் வந்த மைல்ஸ் கவர்டேல் மொழிபெயர்ப்பு. நூறாண்டுக்கு மேல் பாடிப் பாடி எல்லோருக்கும் மனப்பாடம். 23-ம் சங்கீதம் 1611-ல் ‘ஐ ஷால் நாட் வான்ட்’, கவர்டேலில் ‘தேர்ஃபோர் கேன் ஐ லாக் நத்திங்’. ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் உள்ள முக்காற்புள்ளி பாடும்போது நிறுத்தும் இடம்.

ஒரு வரி எந்தப் பதிப்புனு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாத்தையும் ‘கிரான்மர் 1549’னு போட்டுடறாங்க.

மேலே சொன்ன தையல்களையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆராதனை நேராகப் பரமண்டல ஜெபத்தோடு தொடங்கினால் 1549. வசனங்களோடும் பாவ அறிக்கையோடும் தொடங்கினால் 1552 அல்லது பிந்தியது. அப்பம் கொடுக்கும் வார்த்தையில் முதல் பாதி மட்டும் இருந்தால் 1549, இரண்டாம் பாதி மட்டும் என்றால் 1552, இரண்டும் என்றால் 1559 அல்லது பிந்தியது. திருமணத்தில் ‘டூ பார்ட்’ இருந்தால் 1662.

பலர் தவறுவது பொதுவான ஸ்தோத்திர ஜெபத்தில். அழகாக இருப்பதால் கிரான்மர் பெயரில் போட்டுவிடுகிறார்கள். அது 1662-ல் வந்தது, நார்விச் பிஷப் எட்வர்ட் ரெனால்ட்ஸ் எழுதியதாகக் கருதப்படுவது. வயதுவந்தோர் ஞானஸ்நான முறையும் கடற்பயண ஜெபங்களும் 1662-ல் சேர்ந்தவையே.

எங்க சி.எஸ்.ஐ. கோயில்ல சொல்றது இந்த 1662 முறைமைதானா? பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்ல வேற மாதிரி இருக்கே?

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்தன. ஆங்கிலிகன் வழி வந்த திருநெல்வேலிச் சபைகளில் தமிழ் ஜெபப் புத்தகம் தலைமுறைகளாகப் புழங்கியது. லண்டன் மிஷன் வழி வந்த கன்னியாகுமரிச் சபைகளிலும், அமெரிக்கன் மிஷன் வழி வந்த மதுரைச் சபைகளிலும் அப்படி ஒரு கட்டாயப் புத்தகம் இருக்கவில்லை. வேறுபாடு அங்கிருந்து வருகிறது.

1950-ல் சி.எஸ்.ஐ. தனக்கென ஒரு திருவிருந்து முறையை வகுத்தது. 1963-ல் மற்ற ஆராதனைகளோடு ஒரே புத்தகமாக வந்தது. தூய்மைக்கான ஜெபமும் தாழ்மையின் ஜெபமும் கிரான்மர் வழி. கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுப்பது கேரளத்து சுரியானி மரபிலிருந்து. ‘நல்ல பிரதான ஆசாரியரே, எழுந்தருளும்’ என்று இயேசுவை அழைக்கும் வரி ஸ்பெயினின் பழைய மொசராபிய வழிபாட்டிலிருந்து. குருவானவர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்பார், 1552 சொன்னபடி வடபக்கத்தில் அல்ல.